'இன்சூரன்ஸ் இருக்கு' என்றால் எது இருக்கிறது?

(நமது குடியிருப்போர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எனக்கு அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். பின்னால் காபி தயாராக இருக்கிறது என்று செயலாளர் வேறு அறிவித்துவிட்டார். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

வாகன இன்சூரன்ஸ் க்ளெய்ம் பிரிவில்தான் என் வேலைக் காலம் முழுவதும் போயிற்று. அங்கே அடிக்கடி காதில் விழுந்த வாக்கியம் ஒன்று உண்டு: "இன்சூரன்ஸ் இருக்கு சார்." விபத்து நடந்த மறுநாள் காலை, கையில் ஒரு பிளாஸ்டிக் உறையோடு வந்து நிற்பவர் அதைத்தான் சொல்வார். உறையைத் திறந்து பார்த்தால் பாதிப் பேருக்கு வேறு கதை. இன்சூரன்ஸ் இருக்கும். அவருக்குத் தேவையான இன்சூரன்ஸ் இருக்காது. இன்றைக்கு உங்களிடம் பேச வந்தது இந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான்.

சட்டம் என்ன கேட்கிறது என்று முதலில் பார்ப்போம். மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 146. பொது இடத்தில் வண்டி ஓட வேண்டுமென்றால் 'மூன்றாம் நபர்' இன்சூரன்ஸ் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் முதல் நபர் நீங்கள், இரண்டாம் நபர் இன்சூரன்ஸ் கம்பெனி, உங்கள் வண்டியால் அடிபடும் வெளியாள் மூன்றாம் நபர். தேர்ட் பார்ட்டி, ஆக்ட் பாலிசி, லயபிலிட்டி ஒன்லி என்று எந்தப் பெயரில் விற்றாலும் சரக்கு இதுதான். ரோட்டில் நடந்து போகிறவரை உங்களிடமிருந்து காப்பாற்ற அரசு போட்ட ஏற்பாடு இது. உங்களைக் காப்பாற்றுவது அதன் வேலையே கிடையாது.

இது இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், அடுத்த முறை 4,000, மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. பெரும்பாலானவர்களுக்கு இந்த அபராதம்தான் பயம். என்னைக் கேட்டால் அது சில்லறைக் காசு. உண்மையான தொகை எப்படி வரும் என்று ஒரு கணக்கு சொல்கிறேன்.

32 வயதுக்காரர் ஒருவர். நிரந்தர வேலை, வருமான வரி போக மாதம் 50,000 சம்பளம். வீட்டில் மனைவி, இரண்டு குழந்தைகள், அம்மா. அவர் உங்கள் வண்டியில் அடிபட்டு இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருட வருமானம் 6 லட்சம். எதிர்காலத்தில் உயரக்கூடிய சம்பளத்துக்காக அதோடு பாதியைக் கூட்டுவார்கள், 9 லட்சம். அவர் தனக்கென்று செலவழித்திருக்கக்கூடிய பங்காகக் கால் பகுதியைக் கழிப்பார்கள், 6,75,000. அந்த வயதுக்கான பெருக்கல் எண் 16. மொத்தம் 1 கோடியே 8 லட்சம். இறுதிச் சடங்குச் செலவு போன்றவையும் வட்டியும் தனி. இது நான் போட்ட கணக்கு கிடையாது. சரளா வர்மா வழக்கிலும் (2009), பிரணய் சேத்தி வழக்கிலும் (2017) உச்ச நீதிமன்றம் வகுத்துக் கொடுத்த கணக்கு. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்கள் இன்றும் இதைத்தான் போடுகின்றன.

தேர்ட் பார்ட்டி பாலிசி உயிரோடு இருந்தால், சாவுக்கும் காயத்துக்கும் தீர்ப்பாயம் எவ்வளவு சொன்னாலும் கம்பெனி கட்ட வேண்டும். உச்சவரம்பு கிடையாது. நேற்று நள்ளிரவு பாலிசி முடிந்து, இன்று காலை பால் வாங்கப் போன இடத்தில் விபத்து என்றால் அத்தனையும் உங்கள் தலையில். கட்டாவிட்டால் நிலவரி பாக்கியை வசூலிப்பது போலக் கலெக்டர் மூலம் வசூலிக்கலாம் என்று பிரிவு 174 சொல்கிறது. நம்மில் நிறையப் பேருக்குச் சொத்து என்று இருப்பதே இந்த ஃபிளாட் ஒன்றுதான்.

1,000 சி.சி.க்கு உட்பட்ட காருக்குத் தேர்ட் பார்ட்டி பிரீமியம் வருடத்துக்கு 2,094 ரூபாய். 1,500 சி.சி. வரை 3,416. அதற்கு மேல் 7,897. 2022 ஜூனில் வந்த கட்டணம் இது, வரி தனி. அரசு நிர்ணயிப்பது என்பதால் எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் ஒரே விலைதான். ஒரு கோடி ரூபாய்ப் பொறுப்புக்கு இதைவிடச் சல்லிசாக எதுவும் கிடைக்காது.

சொத்து சேதத்துக்கு மட்டும் வரம்பு உண்டு. தனியார் காருக்கு 7.5 லட்சம். சிலர் பிரீமியத்தில் நூறு இருநூறு குறைகிறதே என்று அதை 6,000 ரூபாய் வரம்பாக மாற்றிக்கொள்கிறார்கள். ஓ.எம்.ஆரில் முன்னால் நிற்கும் வண்டியின் விலையைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்துவிட்டு அந்தக் கட்டத்தில் டிக் போடுங்கள்.

இனிமேல்தான் முக்கியமான இடம்.

மூன்றாம் நபர் என்றால் வெளியாள் என்றேன். உங்கள் காருக்குள் உட்கார்ந்திருப்பவர் வெளியாளா? பின் சீட்டில் மாமியார், பக்கத்து வீட்டுக்காரர், பக்கத்து வீட்டுக்காரரின் பையன். தனியார் கார், பைக் விஷயத்தில் சட்டக் கட்டாயம் இவர்கள் வரை நீளவில்லை. பைக்கில் பின்னால் உட்கார்ந்தவரைப் பற்றி 2006-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. வெறும் ஆக்ட் பாலிசி இருந்தால் கம்பெனி பொறுப்பாகாது. அதே வண்டிக்கு பேக்கேஜ் பாலிசி, நாம் ஃபுல் கவர் என்று சொல்கிறோமே அது இருந்தால், காசு வாங்காமல் ஏற்றிச் செல்லும் பயணிகளுக்கான பொறுப்பும் அதற்குள் வந்துவிடும். இதை ஒழுங்காணையமும் 2009-ல் சுற்றறிக்கை போட்டுத் தெளிவாக்கியது.

ஒரு க்ளெய்மைச் சொல்கிறேன். ஊர், பேர் வேண்டாம். ஒரே தெருவில் இருக்கும் இரண்டு குடும்பம், கல்யாணத்துக்காக ஒரே காரில் கிளம்பினார்கள். பத்து வருடப் பழைய கார். "இந்த வண்டிக்கு எதற்கு ஃபுல் கவர், இடிச்சா இடிச்சுட்டுப் போகட்டும்" என்று அதற்கு முந்தின வருடம்தான் தேர்ட் பார்ட்டிக்கு மாறியிருக்கிறார். மீதமான பணம் மூவாயிரத்துச் சொச்சம். நெடுஞ்சாலையில் டயர் வெடித்துக் கார் தடுப்பில் மோதியது. நண்பரின் மனைவிக்கு முதுகெலும்பில் அடி. வேறு வண்டி எதுவும் சம்பந்தப்படவில்லை. வழக்கு தீர்ப்பாயத்துக்குப் போனது, பாலிசியைக் காட்டிக் கம்பெனி விலகிக்கொண்டது, தொகை முழுக்க உரிமையாளர் மேல் விழுந்தது. கோர்ட்டில் எதிரெதிர் பெஞ்சில் இருபது வருட நண்பர்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கு யார் மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை.

பழைய வண்டிக்கு ஃபுல் கவர் வேண்டாம் என்று முடிவெடுப்பவர்கள் எல்லோரும் தகரத்தை மட்டும்தான் கணக்குப் பார்க்கிறார்கள். வண்டியின் மதிப்பு ஒன்றரை லட்சம், அதற்கு எதற்கு ஐந்தாயிரம் என்கிறார்கள். தகரத்துக்கு அது சரியான கணக்கு. ஆனால் அந்த ஐந்தாயிரத்தோடு பின் சீட்டும் சேர்ந்து போய்விடுகிறது. ஏஜெண்டும் சொல்வதில்லை, மொபைல் ஆப்பும் சொல்வதில்லை.

நம் வளாகத்தில் இதை வலியுறுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. காலை ஏழரை மணிக்கு கேட்டில் நின்று பாருங்கள். ஒரு காரில் நாலு வீட்டுக் குழந்தைகள். திங்கள், செவ்வாய் இவர் கொண்டு விடுவார், புதன், வியாழன் அவர். நல்ல ஏற்பாடு, பெட்ரோல் மிச்சம், பள்ளி வாசலில் நெரிசலும் குறைவு. நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் அந்த நாலு காரில் எத்தனைக்குப் பேக்கேஜ் பாலிசி இருக்கிறது என்று அந்தப் பெற்றோர் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டதுண்டா? கூச்சப்படாமல் கேளுங்கள். சாப்பாட்டில் என்ன கொடுத்துவிடுகிறீர்கள் என்று கேட்கிறோம், இதைக் கேட்கக் கூடாதா? இன்னொன்று: குழந்தைக்கு மாதம் இவ்வளவு என்று பணம் வாங்கிக்கொண்டு சொந்தக் காரில் ஏற்றினால் அது வாடகை உபயோகம். பேக்கேஜ் பாலிசியே இருந்தாலும் கம்பெனி கையை விரித்துவிடும்.

அடுத்தது, ஓட்டுகிறவர். பாலிசியில் 'ஓனர் டிரைவர்' தனிநபர் விபத்துக் காப்பு என்று ஒரு வரி இருக்கும், 15 லட்சம். இது வண்டியின் ஆர்.சி. யார் பேரில் இருக்கிறதோ அவருக்கு மட்டும், அவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தால் மட்டும். இரண்டு மூன்று வண்டி இருந்தால் ஒவ்வொன்றுக்கும் கட்ட வேண்டியதில்லை, ஒருவருக்கு ஒன்று போதும். சரி, கார் கணவர் பேரில், தினமும் ஓட்டுவது மனைவி. ஸ்கூட்டர் அப்பா பேரில், ஓட்டுவது காலேஜ் போகும் மகள். இவர்கள் வேறு வண்டி எதிலும் மோதாமல் தானாக விழுந்து அடிபட்டால்? உரிமையாளரிடம் வண்டியை வாங்கி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார் என்பது உச்ச நீதிமன்றத்தின் பார்வை. 2009-லும் சொன்னது, 2020-லும் சொன்னது. அதனால் அவர் மூன்றாம் நபர் ஆக முடியாது. ஆர்.சி. அவர் பேரில் இல்லாததால் அந்த 15 லட்சமும் இல்லை. தப்பு எதிர் வண்டியுடையது என்றால் அந்த வண்டியின் இன்சூரன்ஸில் கேட்கலாம். மற்றபடி ஒன்றும் வராது.

இதற்கு இரண்டு வழி உண்டு. யார் அதிகம் ஓட்டுகிறாரோ அவர் பேரில் வண்டியைப் பதிவு செய்வது ஒன்று. அல்லது வீட்டில் ஓட்டுகிற எல்லோருக்கும் தனியாக ஒரு தனிநபர் விபத்து பாலிசி எடுத்துவிடுவது. விலை அதிகமில்லை, எந்த வண்டியில் போனாலும், நடந்து போனாலும்கூடக் காப்பு உண்டு. நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

இந்த ஓட்டையை நம் சென்னை உயர் நீதிமன்றம் ஒருமுறை ஒரே வீச்சில் அடைக்கப் பார்த்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். 2021 ஆகஸ்டில் ஒரு நீதிபதி, ஆக்ட் பாலிசியின் போதாமையைக் கண்டு, இனி விற்கும் புது வண்டிக்கெல்லாம் ஐந்து வருடத்துக்கு ஓட்டுநர், பயணி, உரிமையாளர் எல்லோரையும் சேர்த்து 'பம்பர் டு பம்பர்' இன்சூரன்ஸ் கட்டாயம் என்று உத்தரவிட்டார். கம்பெனிகளும் ஒழுங்காணையமும் இதை நடைமுறைப்படுத்த முடியாது என்றார்கள். அடுத்த மாதமே அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது, சட்டத்தைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் வேலை என்று விட்டுவிட்டார்கள். அன்றைக்கு வாட்ஸ்ஆப்பில் வந்த செய்தியை மட்டும் படித்துவிட்டு, "இப்போ எல்லாத்துக்கும் ஃபுல் கவர்தானே சார்" என்று இன்னும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். இல்லை.

புது கார் வாங்கியவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 2018 செப்டம்பரிலிருந்து புதுக் காருக்கு மூன்று வருடத் தேர்ட் பார்ட்டி, பைக்குக்கு ஐந்து வருடம் என்று சேர்த்து வாங்க வேண்டும். "மூணு வருஷம் இன்சூரன்ஸ் போட்டாச்சு" என்று ஷோரூமில் சொல்லி அனுப்புவார்கள். அதில் சொந்தச் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் ஒரு வருடம்தான். இரண்டாம் வருடம் அது சத்தமில்லாமல் முடிந்துபோகும். போலீஸ் பிடித்தாலும் பேப்பர் சரியாகவே இருக்கும், அதனால் தெரியவும் தெரியாது. முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் சேர்த்து வைத்த நோ க்ளெய்ம் போனஸும் போய்விடும். சொந்தச் சேதத்தை ஒரு கம்பெனியிலும் தேர்ட் பார்ட்டியை வேறு கம்பெனியிலும் வைத்திருப்பவர்கள், பயணிகளுக்கான பொறுப்பு எந்த பாலிசியில் இருக்கிறது என்று கேட்டு, பதிலை மெயிலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஃபோனில் சொல்வது கோர்ட்டில் நிற்காது.

வெள்ளத்தைப் பற்றிக் கேட்காமல் விட மாட்டீர்கள். 2015 டிசம்பரும் 2023 டிசம்பர் மிக்ஜாமும் யாருக்கும் மறந்திருக்காது. பேஸ்மென்டில் முழுகிய காருக்குத் தேர்ட் பார்ட்டியில் ஒரு பைசா வராது. பேக்கேஜில் வரும். ஆனால் தண்ணீர் வடிந்ததும் "ஸ்டார்ட் ஆகுதா பார்ப்போம்" என்று சாவியைத் திருகினால், எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்து அது உடைந்ததற்கு எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் கவர் இல்லாமல் பணம் தர மாட்டார்கள். தொடாதீர்கள். ஃபோட்டோ எடுங்கள், இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகிறவர்கள் இங்கே நிறைய இருப்பதால் ஒரு வார்த்தை. அங்கே மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. உயிர், காயம் இரண்டுக்கும் நம் ஊரைப் போல வரம்பில்லாத காப்பு கிடையாது, குறைந்தபட்சத் தொகை என்று ஒன்றைச் சட்டம் சொல்லும். கலிஃபோர்னியாவில் பல பத்தாண்டுகளாக ஒருவருக்கு 15,000 டாலர் என்று இருந்ததை 2025 ஜனவரியில்தான் 30,000 ஆக்கினார்கள். ஒரு விபத்தில் அடிபட்ட எல்லோருக்கும் சேர்த்து 60,000, சொத்துக்கு 15,000. டெக்சாஸிலும் 30,000, 60,000, சொத்துக்கு மட்டும் 25,000. நியூ ஹாம்ப்ஷயரில் பெரும்பாலானவர்களுக்கு இன்சூரன்ஸே கட்டாயமில்லை! அந்த ஊர் ஆஸ்பத்திரி பில்லைப் பார்த்தவர்களுக்கு 30,000 டாலர் எத்தனை நாளைக்கு வரும் என்று தெரியும். மீதியை ஓட்டியவரிடம் கேட்பார்கள். ஆகவே மகன் காரை எடுக்கும் முன், அவன் பாலிசியின் வரம்பு எவ்வளவு, அதில் உங்களை ஓட்டுநராகச் சேர்த்திருக்கிறானா என்று இரண்டு கேள்வி கேளுங்கள். வாடகைக் கார் என்றால் கவுன்டரிலேயே கூடுதல் பொறுப்புக் காப்பு என்ன விலை என்று விசாரியுங்கள்.

திரும்ப நம் வளாகத்துக்கே வருகிறேன். பேஸ்மென்டில் பிள்ளைகள் ஸ்கூட்டர் ஓட்டிப் பழகுவதைப் பார்க்கிறேன். பதினாறு வயதுப் பையன் கேட்டைத் தாண்டிப் போய் ஒருவரை இடித்தால், பிரிவு 199-ஏ படி பெற்றோருக்கு அல்லது உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை சிறை, வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. அடிபட்டவருக்குக் கம்பெனி முதலில் கொடுக்கச் சொன்னாலும், பிறகு உங்களிடம் அதை வசூலித்துக்கொள்ளும் உரிமையையும் கோர்ட் கொடுத்துவிடும். ஆக்டிங் டிரைவர் வைப்பவர்களும் லைசென்ஸை வாங்கிப் பார்த்து, ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு சாவியைக் கொடுங்கள். டிரைவருக்கான பொறுப்பைச் சேர்க்க வருடத்துக்கு 50 ரூபாய். ஐம்பதே ரூபாய்.

பழைய வண்டியை விற்றவர்கள் ஆர்.சி. மாறிவிட்டதா என்று பரிவாஹன் தளத்தில் போய்ப் பாருங்கள். படிவத்தில் கையெழுத்துப் போட்டு சாவியைக் கொடுத்ததோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. வாங்கியவர் இன்சூரன்ஸ் போடாமல் யாரையாவது இடித்தால் நோட்டீஸ் உங்கள் ஃபிளாட் நம்பருக்குத்தான் வரும்.

காபி வாசனை வந்துவிட்டது. ஒரே வேலை சொல்கிறேன். இன்று இரவு உங்கள் பாலிசியின் முதல் பக்கத்தைத் திறந்து நாலு இடத்தைப் பாருங்கள்: தலைப்பில் பேக்கேஜா லயபிலிட்டியா, முடியும் தேதி ஒன்றா இரண்டா, சொத்து சேத வரம்பு எவ்வளவு, ஓனர் டிரைவர் காப்புக்கு நாமினி யார். நாமினி இடத்தில் இறந்துபோன அப்பா பெயர் இருக்கும் பாலிசிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

புரியாவிட்டால் வரும் ஞாயிறு காலை பத்து மணியிலிருந்து கிளப் ஹவுஸில் இருப்பேன். பாலிசியை எடுத்துக்கொண்டு வாருங்கள். தயவுசெய்து குரூப்பில் போடாதீர்கள், அதில் உங்கள் ஃபோன் நம்பரும் எஞ்சின் நம்பரும் இருக்கிறது.